திருமயத்தில் நின்றிருக்க வேண்டும்



நாற்பது வயதைக் கடந்த ஒரு மதரஸா ஆசிரியர் ஸுப்ஹுத் தொழுகை முடிந்த கையோடு, காலணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடுகிறார் என்றால், எங்கள் புதுக்கோட்டையில் இரண்டு விதமான பேச்சு எழும். "ஹஜ்ரத்துக்குச் சர்க்கரை வந்துவிட்டது போலும்" என்பது ஒன்று. "ஹஜ்ரத்துக்கு இது தேவையா?" என்பது மற்றொன்று. முதற் பேச்சு முற்றிலும் உண்மை. இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் அல்லன் என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றுக்குப் பிறகு அந்த எண்ணம் மாறியது. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

மருத்துவர் நடக்கச் சொன்னார். புதுக்குளத்துக் கரையில் நடந்தேன். நடை நாளடைவில் ஓட்டமாயிற்று. ஓடுவது மார்க்கத்திற்குப் புறம்பான செயலன்று என்பதை வாசகர்கள் அறிவீர்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பயணம் ஒன்றில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் வைத்ததும், முதல் முறை அன்னையார் வென்றதும், பின்னொரு முறை பெருமானார் வென்று அதற்கு இது சரியாயிற்று என்று கூறி மகிழ்ந்ததும் ஹதீஸ் நூல்களில் உள்ள செய்திகளே. நம் மாவட்டத்திற்கு ஓட்டம் அந்நியமும் அன்று. 2016ஆம் ஆண்டு கௌஹாத்தியில் நடைபெற்ற தெற்காசிய விளையாட்டில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ஆகிய இரண்டிலும் தங்கம் வென்ற சூர்யா நம் புதுக்கோட்டைப் பெண்மணிதான்.

புதுக்குளத்தில் என்னோடு ஓடிய இளைஞர்கள் சிலர், ஜனவரியில் சென்னையில் நடைபெறும் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன். மாரத்தான் என்பது 42 கிலோமீட்டரும் 195 மீட்டரும். அதற்குப் பயிற்சி செய்பவர்கள் வாரத்தில் ஒரு நாள் மட்டும் நெடுந்தூரம் ஓடுவார்கள். வாரத்திற்கு வாரம் இரண்டு மூன்று கிலோமீட்டர் கூட்டிக்கொண்டே போய் முப்பதைத் தொடுவார்கள். முப்பது என்ற எண்ணுக்கு ஒரு காரணம் உண்டு. தசையிலும் கல்லீரலிலும் நம் உடல் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து, பெரும்பாலோர்க்கு ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான் தீர்ந்துபோகத் தொடங்குகிறது. அதன் பிறகு கால்கள் ஈயமாகக் கனக்கும். அந்தக் கனத்தை ஒரு முறையேனும் பழகிப் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே அந்த முப்பது.

எங்கள் முப்பதுக்கு இயல்பான வழி ஒன்று இருந்தது. புதுக்கோட்டையிலிருந்து நமணசமுத்திரம், லேணா விளக்கு வழியாகத் திருமயம் சுமார் இருபது கிலோமீட்டர். திருமயத்தைத் தாண்டி மதுரைச் சாலையில் சென்றால் காட்டுபாவா பள்ளிவாசல். ஊரிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர். அங்கு அடங்கியிருக்கும் பக்ருத்தீன் பாவாவை முஸ்லிம்களும் இந்துச் சகோதரர்களும் ஒன்றுபோல் மதித்துக் கூடுவதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பள்ளிவாசலில் ஒளூச் செய்து, இரண்டு ரக்அத் தொழுது, பேருந்தில் ஊர் திரும்புவதாகத் திட்டம். திட்டம் அழகானது. அந்த அழகே அதன் கேடும் ஆயிற்று. குளத்தைச் சுற்றி ஓடுகிறவன் எந்தச் சுற்றிலும் நின்றுவிடலாம். வீடு எப்போதும் அருகிலேயே இருக்கும். ஓர் இடத்தை நோக்கி ஓடுகிறவனுக்கோ நின்றால் அந்த இடம் கிடைக்காமற் போகும். போதாக்குறைக்கு, வெள்ளிக்கிழமை ஜுமுஆ முடிந்து வெளியே வந்தபோது நாலு பேரிடம், "ஞாயிற்றுக்கிழமை காட்டுபாவா பள்ளிவாசல் வரை ஓடப் போகிறோம், துஆச் செய்யுங்கள்" என்று நானே சொல்லி வைத்தேன். துஆவுக்காகச் சொன்னேனா, பெருமைக்காகச் சொன்னேனா என்பது அல்லாஹ்வுக்குத் தெரியும்; இப்போது எனக்கும் தெரியும்.

அன்று என்னுடன் வந்தவர் ஒரே ஒருவர். பத்தொன்பது வயது, பாலிடெக்னிக் மாணவர். சிறு வயதில் என்னிடம் ஓதிய பிள்ளை. மற்றவர்கள் முதல் நாள் இரவு பெய்த மழையைக் காரணம் சொல்லி நின்றுவிட்டார்கள். மழை பெய்த காலை ஓடுவதற்குக் குளிர்ச்சியாக இருக்கும் என்று நான் கணக்கிட்டேன். அது பிழையான கணக்கு. நம் உடல் தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்வது வியர்வை வடிவதனால் அன்று. வடிந்த வியர்வை காற்றில் ஆவியாவதனால். காற்றே ஈரத்தால் நிறைந்திருந்தால் வியர்வை சொட்டுமே தவிர ஆவியாகாது. உள்ளே மூண்ட சூடு உள்ளேயே தங்கும். மழைக்கு மறுநாள் வெயில் ஏறும்போது எழுகிற புழுக்கம், சித்திரை வெயிலைவிட ஓடுகிறவனுக்குப் பகை. சாலையோரம் நிழலும் அதிகமில்லை. 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் எங்கள் மாவட்டத்தில் கொண்டுபோன மரங்களுக்குக் கணக்கில்லை. தைல மரக் காடுகள் உண்டு. தைல மரத்தின் நிழல் யாருக்கு உதவும்?

ஐந்தரைக்குப் புறப்பட்டோம். நமணசமுத்திரம் வரை தம்பி பேசிக்கொண்டே வந்தார். பரீட்சை, கைப்பேசி, அக்காவின் திருமணம் என்று என்னென்னவோ. லேணா விளக்கை நெருங்கும்போது பேச்சு நின்றது. ஓட்டக்காரர்களிடையே எளிய அளவுகோல் ஒன்று உண்டு: நெடுந்தூர ஓட்டத்தில் பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி, முடியாவிட்டால் வேகம் மிகுதி. அவர் பேச்சை நிறுத்தியதை நான் கவனித்தேன். கவனித்து, "பிள்ளை களைத்திருக்கிறான், நான் களைக்கவில்லை" என்று உள்ளூர மகிழவும் செய்தேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

திருமயம் கோட்டை கண்ணில் பட்டபோது மணி ஏழே முக்கால் கடந்திருந்தது. 1687இல் சேதுபதி மன்னர் காலத்தில் எழுந்த கோட்டை. கல்லூரியில் வரலாறு படித்த காலத்திலிருந்து அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அன்று நான் கோட்டையைத்தான் பார்த்தேன். அருகில் வந்தவரின் கைகளைப் பார்க்கவில்லை. "ஹஜ்ரத், லேசாகக் குளிருகிறது" என்றார். வெயிலில் வியர்த்துக் கொட்டுகிற ஒருவர் குளிருகிறது என்கிறார், கைகளில் மயிர்க்கூச்சு. "இங்கேயே நின்றுவிடலாமா?" என்று கேட்டேன். கேட்டேன் என்பது உண்மை. எந்தக் குரலில் கேட்டேன் என்பதுதான் கேள்வி. அவர் சொன்ன பதில் இன்றும் காதில் ஒலிக்கிறது: "பாதியில் விடக் கூடாதென்று நீங்கள்தானே ஹஜ்ரத் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்."

நான் மறுக்கவில்லை. பேருந்து நிறுத்தம், தேநீர்க் கடை, ஆட்கள் எல்லாம் இருந்த திருமயத்தை விட்டு, அவை எதுவுமில்லாத சாலைக்கு அவரை அழைத்துச் சென்றேன்.

இரண்டு கிலோமீட்டர் போயிருப்போம். தம்பி சாலையின் நடுப்பக்கமாக விலகத் தொடங்கினார். பின்னால் வந்த லாரி நீளமாக ஒலியெழுப்பியது. கையைப் பிடித்து இழுத்தேன். கை தீயாகச் சுட்டது. எங்கே இருக்கிறோம் என்று கேட்டேன். தாம் படிக்கும் பாலிடெக்னிக்கின் பெயரைச் சொன்னார். புளிய மரம் ஒன்றின் அடியில் உட்கார வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர்ப் புட்டியை அவர் வாயருகே கொண்டு போனேன். வயலுக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் ஓடி வந்தார். "பாய், குடிக்கக் குடுக்குறது இருக்கட்டும், மொதல்ல புள்ளைய நனைங்க" என்று சொல்லி, கண்மாயிலிருந்து குடத்தில் தண்ணீர் மொண்டு வந்து தலையிலும் கழுத்திலும் நெஞ்சிலும் ஊற்றினார். தம் துண்டை நனைத்து அக்குளில் வைத்தார். ஏழெட்டுக் குடம் ஊற்றிய பிறகே ஆட்டோ வந்தது. மருத்துவமனையில் பார்த்தபோது வெப்பம் நூற்று மூன்று டிகிரி. ஊற்றிய தண்ணீர்தான் காப்பாற்றியது என்றார் மருத்துவர். நூற்று நான்கைத் தாண்டி அறிவும் தடுமாறினால் அது வெப்பத் தாக்கு. மூளையும் சிறுநீரகமும் கெடும். ஆகவே முதலில் உடலைக் குளிர்விப்பது, பிறகு வண்டியில் ஏற்றுவது என்பதே முறை என்றும் விளக்கினார். படிக்காத அந்தப் பெரியவருக்கு இது தெரிந்திருந்தது. புதன்கிழமை தமக்குக் காய்ச்சல் அடித்ததைத் தம்பி அப்போதுதான் ஒப்புக்கொண்டார். சொன்னால் நான் விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்று மறைத்தாராம்.

அஸருக்குப் பிறகு வீட்டிற்கு அனுப்பினார்கள், அல்ஹம்து லில்லாஹ். அவருடைய அத்தா என்னிடம் ஒன்றும் பேசவில்லை; ஸலாம் மட்டும் சொன்னார். தாயார் கதவுக்குப் பின்னால் நின்றபடி ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "ஹஜ்ரத் கூட இருக்காங்களேன்னுதான் விட்டேன்."

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அதற்குப் பின் வந்த வாரங்களில், ஓடுவதை விட்டுவிட்டு ஓட்டத்தைப் பற்றிப் படித்தேன். 1912 ஜூலை 14 அன்று ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தான், அந்த ஊருக்கு வழக்கமில்லாத கடும் வெயிலில் நடந்தது. ஓடத் தொடங்கியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் முடிக்கவில்லை. போர்ச்சுகல் நாட்டுப் பிரான்சிஸ்கோ லாசரோ முப்பதாவது கிலோமீட்டரை ஒட்டி விழுந்தார், மறுநாள் இறந்தார். வெயிலுக்குப் பாதுகாப்பென்று உடலில் மெழுகு பூசியிருந்ததால் வியர்வை அடைபட்டது என்று சொல்லப்படுகிறது. அதே பந்தயத்தில் ஜப்பானின் ஷிசோ கனகுரியும் ஓடினார். வெப்பம் தாளாமல் பாதி வழியில் விலகி, சாலையோரத்துக் குடும்பம் ஒன்றின் பராமரிப்பில் தங்கி, வெட்கத்தினால் அதிகாரிகளிடம் சொல்லாமலே நாடு திரும்பினார். லாசரோவுக்குப் பிறகு வாழ்வே இல்லை. கனகுரியோ 1920, 1924 ஒலிம்பிக்குகளில் மீண்டும் ஓடினார்; 1920இல் தொடங்கிய ஹகோனே அஞ்சலோட்டம் உருவாகக் காரணமாயிருந்தார்; ஜப்பானிய மாரத்தானின் தந்தை என்று பெயர் பெற்றார். 1967இல் ஸ்வீடன் நாட்டார் அந்த முதியவரை அழைத்து, விட்ட ஓட்டத்தை முடிக்கச் செய்தார்கள். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20 விநாடி என்று குறித்தார்கள். நகைச்சுவைக்காகச் செய்ததுதான்; படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்மைக் காலத்திலும் சான்று உண்டு. 2003இல் இலண்டனில் 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்த பவுலா ராட்கிளிஃப், அடுத்த ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 36ஆவது கிலோமீட்டர் அளவில் நின்று, சாலையோரத்தில் அமர்ந்து அழுதார். அந்த நவம்பரிலேயே நியூயார்க் மாரத்தானை வென்றார். 2005இல் உலகச் சாம்பியன் ஆனார்.

ஆனால் இவர்களெல்லாம் வளர்ந்தவர்கள். நிற்பதா தொடர்வதா என்பது அவர்கள் கையில் இருந்தது. என்னை உறங்கவிடாமற் செய்த பெயர் வேறு. 2006 மே 2 அன்று ஒடிசாவில், புத்தியா சிங் என்ற நான்கு வயதுச் சிறுவனைப் பூரியிலிருந்து புவனேஸ்வரம் நோக்கி ஓட விட்டார்கள். ஏழு மணி இரண்டு நிமிடத்தில் 65 கிலோமீட்டர் ஓடித் தளர்ந்து நின்றான். நாடே கைதட்டியது. பிறகுதான் மருத்துவர்களும் அரசும் கேள்வி எழுப்பி, நெடுந்தூரம் ஓடத் தடை விதித்தார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு "போதும்" என்று சொல்லும் உரிமை ஏது? தன் ஆசான் முகத்தைப் பார்த்தே அது ஓடும். பத்தொன்பது வயதுப் பிள்ளையும் அப்படித்தான் ஓடினான் என்பதைத்தான் திருமயத்துச் சாலையில் கண்டேன்.

ஆண்டுதோறும் நான் பிக்ஹுப் பாடத்தில் நோன்பின் ருக்ஸத்தைக் கற்பிக்கிறேன். நோயாளியும் பயணியும் நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்யலாம். தொடர்ந்தால் உயிருக்கு ஆபத்து என்றால் விடுவது அனுமதி மட்டுமன்று, கடமை. இதை எத்தனை முறை சொல்லியிருப்பேன்! தம் இரு மைந்தர்களின் தோளில் தொங்கியபடி நடந்து வந்த முதியவர் ஒருவரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டார்கள். கஅபாவுக்கு நடந்தே செல்வதாக அவர் நேர்ச்சை செய்திருக்கிறார் என்று அறிந்தபோது, அவர் தம்மைத் தாமே வதைத்துக்கொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்று கூறி, வாகனத்தில் ஏறிச் செல்லுமாறு பணித்தார்கள். பள்ளிவாசலில் இரு தூண்களுக்கிடையே கயிறு ஒன்று கட்டியிருந்தது. தொழுகையில் சோர்ந்தால் பற்றிக்கொள்வதற்காக அன்னை ஜைனப் (ரலி) அவர்கள் கட்டியது. அதை அவிழ்க்கச் சொல்லி, உற்சாகம் உள்ளவரை தொழுங்கள், சோர்ந்தால் அமர்ந்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள். தொழுகையிலேயே இப்படி என்றால், காட்டுபாவா பள்ளிவாசல் வரை ஓடுவேன் என்று நாலு பேரிடம் சொன்ன சொல்லுக்கு என்ன மரியாதை?

எப்போது நிற்பது என்று என்னைக் கேட்பவர்களுக்கு இப்போது சில அடையாளங்களைச் சொல்லுகிறேன். கால் கனப்பது அடையாளமன்று. அது ஓட்டத்தின் இயல்பு. இரண்டு கால்களும் சமமாக வலித்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஒரே இடத்தில் ஊசியாகக் குத்தி, நடையின் சாயலையே மாற்றுகிற வலி வந்தால் அந்த அடியோடு நிற்க வேண்டும். நெஞ்சில் பாரம், தலைச் சுற்றல், வெயிலில் குளிர், பேச்சில் குழறல், இவற்றில் ஒன்று தோன்றினாலும் அடுத்த மரத்து நிழல் வரைகூட ஓடலாகாது. காய்ச்சல் விட்ட வாரத்தில் நெடுந்தூரம் புறப்படவே கூடாது. வெறும் சோம்பலா, உண்மையான தளர்ச்சியா என்று ஐயம் வந்தால் ஐந்து நிமிடம் நடந்து பாருங்கள். சோம்பல் என்றால் கலைந்துவிடும். தாகமில்லாமல் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்துதான். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு உப்புச்சத்து குறைந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துக் கிலோமீட்டர் குறைவதால் பயிற்சி பாழாகாது. பல வாரங்களில் சேர்ந்த வலு ஒரு நாளில் கரைவதில்லை. சட்டைப் பையில் பேருந்துக் கட்டணம் இருக்கட்டும். இத்தனையும் எளிய செய்திகள். திருமயத்தில் இவற்றில் பாதி எனக்குத் தெரியும். தெரிந்தும் ஓடினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஹிப்ளு ஓதிய பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். நல்ல குரல். அடுத்த ரமளானில் தராவீஹில் நிற்க வேண்டும் என்று அவன் அத்தா நாள் குறித்துவிட்டார். பதினான்காம் ஜுஸ்வில் சபக் தடுமாறத் தொடங்கியது. கண்ணைக் கசக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பான். ஒரு நாள், "கொஞ்ச நாள் வீட்டுக்குப் போய் வரட்டுமா ஹஜ்ரத்?" என்று கேட்டான். ஆரம்பித்ததைப் பாதியில் விடுவது ஷைத்தானின் வேலை என்று சொல்லி, பாடத்தை அரைப் பக்கம் கூட்டினேன். ஒரு வாரத்தில், இஷாவுக்குப் பின் மதரஸாவை விட்டு ஓடிவிட்டான். அறந்தாங்கியில் உறவினர் வீட்டில் கிடைத்தான். பிறகு ஓத வரவேயில்லை. இப்போது கைப்பேசிக் கடையில் வேலை செய்கிறான். என்னைக் கண்டால் எதிர்ப்புறம் கடந்துவிடுகிறான். அவனும் குளிருகிறது என்றுதான் சொன்னான், எனக்குக் கேட்கவில்லை.

சென்ற மாசியில் வேறொரு மாணவனின் அத்தாவை அழைத்து, பிள்ளைக்கு மூன்று மாதம் புதிய பாடம் வேண்டாம், ஓதியதையே மீட்டட்டும் என்றேன். அவர் கோபித்துக்கொண்டு பிள்ளையை வேறு மதரஸாவில் சேர்த்துவிட்டார். நான் செய்தது சரியா என்று எனக்கு உறுதியில்லை.

ஜனவரியில் சென்னைக்குப் போனீர்களா என்று கேட்பீர்கள். போனேன், பாதித் தூரப் பிரிவுக்கு மாற்றிக்கொண்டு ஓடினேன். தம்பி அப்போது வரவில்லை. அவர் மீண்டும் ஓடத் தொடங்கியது பங்குனியில்தான். அதற்கு முன் அவர் வீட்டிற்குப் போய் அத்தாவிடமும் அம்மாவிடமும் நேரில் அனுமதி கேட்டேன். அத்தா, "ஹஜ்ரத் பார்த்துக்குவீங்க" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை அதே சாலையில் புறப்பட்டோம். லேணா விளக்கு வரை என்று பேச்சு. நமணசமுத்திரம் ரயில் நிலையத்தை நெருங்கும்போது தம்பி என் முகத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். "ஹஜ்ரத், இன்றைக்கு எனக்கு இது போதும்" என்றார். நின்றுவிட்டோம். எனக்கு இன்னும் ஓட வலுவிருந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். தேநீர்க் கடையில் ஆளுக்கொரு தேநீர் குடித்தோம். எனக்குச் சர்க்கரை இல்லாமல். புதுக்கோட்டைப் பேருந்து வந்தது. வியர்வையில் நனைந்த எங்கள் இருவரையும் நடத்துனர் ஏற இறங்கப் பார்த்து, "எங்கேயிருந்து பாய் ஓடி வர்றீங்க?" என்று கேட்டார். தம்பி முந்திக்கொண்டு, "புதுக்கோட்டையிலிருந்துதான். ரெண்டு டிக்கெட், புதுக்கோட்டைக்கே" என்று சொல்லிச் சில்லறையை நீட்டினார்.